முகம் பார்த்த ஹெட்

லாரி இன்ஜினின் சிலிண்டர் ஹெட் ஒன்று, லேத்துப் பட்டறையில் அடிப்பக்கத்தை இழைத்து மட்டமாக்கிக்கொண்டு திரும்பி வந்தது. வந்த பளபளப்பில் அதற்குத் தலைகால் புரியவில்லை. ஸ்பேனர் அதில் முகம் பார்த்தது. ஸ்குரூ டிரைவர் இரண்டு தடவை பார்த்தது.

"வரிசையில வாங்கப்பா, நெரிக்காதீங்க," என்றது ஹெட்.

ஹெட்டோடு சேர்த்துப் பூட்டவேண்டிய, கசிவை அடைக்கும் மெல்லிய தகடான கேஸ்கெட், அதன்மேல் ஏறிப் படுத்துப் பார்த்தது. சர்ரென்று வழுக்கி ஆயில் தட்டில் விழுந்தது. மறுபடி ஏறியது, மறுபடி ஆயில் தட்டு.

"பிடிச்சுக்கக் கொஞ்சம்கூட சொரசொரப்பு இல்லையே அண்ணே. மலை ஏறும்போது நான் நழுவினா இன்ஜின் தண்ணியெல்லாம் கக்கிடுமே."

"சொரசொரப்பா? இந்த முகத்திலயா?"

அதற்குள் மெக்கானிக் வந்து ஹெட்டின்மேல் நகத்தை இழுத்துப் பார்த்தார். நகம் எங்குமே உரசவில்லை. உதட்டைப் பிதுக்கி, பட்டறைக்கே திருப்பி அனுப்பினார்.

மாலையில் ஹெட் சாம்பல் நிறத்தில், மெல்லிய வரிகளோடு வந்து இறங்கியது. ஸ்பேனர் எட்டிப் பார்த்து, முகம் தெரியாமல் திரும்பிப் போய்விட்டது. கேஸ்கெட் ஏறிப் படுத்தது, கச்சிதமாக ஒட்டிக்கொண்டது.

"இனி என் முகத்தை யார் பார்ப்பா?" என்று விசும்பியது ஹெட்.

"போல்ட்டை முறுக்கினப்புறம் உங்க முகத்துக்கு நேரா இருக்கப்போறது நான் மட்டும்தான் அண்ணே," என்றது கேஸ்கெட். "எனக்குக் கண்ணே கிடையாது."