மதிலடி ஓட்டை

மாரிக்கனி சோற்றைக் குறைத்தது அந்தப் புத்தகம் வந்த பிறகுதான். நூல்மில் விடுதியில் பெண்பிள்ளைகள் நாற்பது பேரும் அதை மாற்றி மாற்றிப் படித்தார்கள். அங்கே சமையல் வேலை பார்த்த, வயதான பிறகு எழுத்துக்கூட்டக் கற்றுக்கொண்ட எனக்கு முடிக்க இரண்டு மாதம் ஆனது. கதையில், எப்போதோ வரப்போகும் காலத்தில் ஓர் ஊர். சுற்றிலும் மதில், எல்லாருக்கும் ஒரே நிறச் சட்டை, சங்கு ஊதினால் எழுந்துகொள்ள வேண்டும். "இதுல என்னடி கதை இருக்கு? நம்ம மில்லுதான இது?" என்றேன். "இல்லக்கா, இதுல ஒருத்தி வெளிய போயிருதா," என்றாள் மாரிக்கனி. கதையில் வருபவள் துவைகல்லுக்குப் பின்னால், சாக்கடை மதிலுக்கு அடியில் வெளியேறும் ஓட்டை வழியாகப் போகிறாள். எங்கள் துவைகல்லுக்குப் பின்னாலும் ஓர் ஓட்டை இருந்தது. அதுவரை யாரும் அதைக் குனிந்து பார்த்ததில்லை. மூன்று வருட ஒப்பந்தம் முடியாமல் எவளையும் வீட்டுக்கு விடமாட்டார்கள். மாரிக்கனிக்கு இன்னும் இரண்டு பாக்கி. துவைக்கப் போகும்போதெல்லாம் தோளைக் குறுக்கி அதில் வைத்துப் பார்ப்பாள். "இன்னும் ரெண்டு வெரல்தாங்க்கா," என்பாள். ஒருநாள் வார்டன் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு போனார். மூன்றாம் நாள் கொத்தனார் வந்து ஓட்டையில் இரும்புக் கம்பிகளைப் பதித்துவிட்டுப் போனார். அன்று மாலையே வார்டன் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார். அவர் கண்கள் சிவந்திருந்தன. "அந்தப் புள்ள தப்பிச்சுப் போறப்ப எனக்கு அழுகையே வந்துருச்சு கண்ணு. ரெண்டாம் பாகம் இருக்குதா?" மாரிக்கனி தட்டை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு வரிசைக்குப் போனாள். அன்று மூன்று தரம் சோறு வாங்கினாள்.