நூற்றிருபதுக்கு எண்பது

வேலைக்குச் சேர வந்த பெண் கையை மேசைமேல் நீட்டினாள். ரத்த அழுத்தம் பார்க்கப் பட்டையைச் சுற்றும்போதுதான் தொழிற்சாலை நர்ஸ் அவளுடைய படிவத்தில் கணவர் பெயரைப் பார்த்தாள்.

அந்தப் பெயரை இன்னொரு முறை படித்தாள்.

பேக்கிங் மேற்பார்வையாளரின் மனைவி. போன மாதம் எந்திரத்துக்குப் பக்கத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து செத்துப்போனாரே, அவர் மனைவி.

படிவத்தின் மூலையில் மேலாளர் தன் கைப்பட எழுதியிருந்தார்: கருணை அடிப்படையில். கருணை! உடல் பரிசோதனையில் தேறினால்தான் அதுவும்.

அந்தத் தொழிற்சாலையில் யாருக்கும் ரத்த அழுத்தம் கிடையாது. இலக்கு மணிக்கு மணி ஏறும். மேலாளர் எல்லோர் முன்னாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பார். கழிவறைக்குப் போனால்கூட நேரம் குறிப்பார்கள். இருந்தும் கிடையாது.

மாதாமாதம் நடக்கும் பரிசோதனையில் இரண்டு முறை கூடுதலாக வந்துவிட்டால், 'ஓய்வு தேவை' என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அப்படிப் போன யாரும் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை.

அதனால் நர்ஸ் எல்லோருக்கும் நூற்றிருபதுக்கு எண்பது என்றே எழுதினாள். பாவம் பார்த்துத்தான் எழுதினாள். மேலாளருக்கு அது நல்ல வசதியாகப் போயிற்று. 'மன அழுத்தமில்லாப் பணியிடம்' என்று ஒரு கேடயம் வாங்கி வாசலில் மாட்டிவிட்டார்.

மேற்பார்வையாளருக்குக் கடைசியாகப் பார்த்தபோது நூற்றுத் தொண்ணூறு. அவருக்கும் அதே எண்ணைத்தான் எழுதினாள்.

அவர் இறந்த மறுநாளே, இதற்கும் வேலைக்கும் சம்பந்தமில்லை என்று நிர்வாகம் கைகழுவிவிட்டது. அத்தாட்சி? நர்ஸின் பதிவேடு. பன்னிரண்டு மாதமும் அவள் கையெழுத்து.

அன்றிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த மனைவி ஒருநாள் வந்து நிற்பாள், சட்டையைப் பிடித்து உலுக்குவாள் என்று காத்திருந்தாள். வந்தால் உண்மையைச் சொல்லிவிடுவது, தன் வேலை போனால் போகட்டும் என்றும் முடிவு செய்திருந்தாள்.

அவர் இடத்துக்கே ஆளாக வந்து உட்காருவாள் என்று மட்டும் எதிர்பார்க்கவில்லை.

காற்றை இறக்கினாள். நூற்று எழுபது. மறுபடி பார்த்தாள். குறையவில்லை.

நர்ஸ் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"உங்க வீட்டுக்காரர் விஷயத்துல பெரிய தப்பு நடந்துபோச்சும்மா. நான்தான்..."

"தெரியும் சிஸ்டர். அவர் எல்லாத்தையும் வீட்டுல சொல்லுவாரு."

அந்தப் பெண்ணின் முகத்தில் கோபம் இல்லை. நர்ஸ் எதிர்பார்த்திருந்த எதுவுமே இல்லை. பட்டை சுற்றிய கையை எடுக்காமல், மறு கையால் படிவத்தை நர்ஸ் பக்கம் நகர்த்தினாள்.

"ரெண்டு பிள்ளைங்க இருக்கு. எனக்கும் அதையே எழுதிடுங்க."

நர்ஸ் எழுதிக் கொடுத்தாள்.