இஸ்பேட் ராணி எழுகிறாள்

ஆம்பூர் தோல் மண்டி முற்றத்தில், காயப்போட்ட தோல்களுக்கு இடையே மாலை வெயில் கீற்றுக் கீற்றாக விழுகிறது. சர்க்கஸ் முதலாளியின் முன்னால், கண்ணாடித் தம்ளரில் சீட்டுக்கட்டை நிறுத்துகிறான் நந்தகோபால். வித்தை பலித்தால் சர்க்கஸில் வேலை; சொதப்பினால் நாளை மறுபடியும் தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்க வேண்டும். இஸ்பேட் ராணியில் ஒட்டிய கறுப்பு நூல், தோலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் இருதயராஜின் விரலுக்குப் போகிறது. “எழுந்து வாம்மா ராணி!” ராணி மெல்ல எழுகிறாள். “இன்னா மாயமோ, தானா ஏறுது பாரு!” என்கிறார் கூட்டத்தோடு வேடிக்கை பார்க்கும் மண்டி மேஸ்திரி. கைதட்டல் ஓய்வதற்குள் இருதயராஜ் வந்து காதில் கிசுகிசுக்கிறான்: “கோச்சுக்காத தோஸ்த். நான் இழுக்கறதுக்கு முன்னாடியே சீட்டு கிட்ட நூலு அறுந்துட்ச்சு.” முழு நூலும் அவன் உள்ளங்கையில் சுருண்டு கிடக்கிறது. தம்ளரில் அடுத்த சீட்டு, யாரும் கூப்பிடாமலே எழுகிறது. “நாளைக்கே வந்து சேர்ந்துடுப்பா!” என்கிறார் முதலாளி. நந்தகோபாலுக்குச் சுண்ணாம்புத் தொட்டி இப்போது அவ்வளவு மோசமாகத் தெரியவில்லை.