கழற்ற மறந்த பூட்டு

துணிக்கடைக்குள் அவள் கால் வைத்ததும் அலாரம் ஊருக்கே கேட்கிற மாதிரி அலறுகிறது. பில் போட நிற்பவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள். வாசலில் நிற்கும் செக்யூரிட்டிப் பெண் அருகே வந்து குரலைத் தாழ்த்துகிறாள். "பையைக் காட்டித்தான் ஆகணும்னு இல்லக்கா. வேணாம்னா சொல்லிடலாம், அது உங்க உரிமை." சுவர்ப் பலகையிலும் அதுதான் எழுதியிருக்கிறது, மதிய வெயில் பட்டு எழுத்துகள் கண்ணைக் கூசவைக்கின்றன. அவள் அதைப் படிக்கவில்லை. ஆஸ்பத்திரி கொடுத்த பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைக்கிறாள்: கைக்குட்டையில் சுற்றிய மூக்குக்கண்ணாடி, ஒற்றைச் செருப்பு, முன்பக்கம் கத்தரியால் நீளமாக வெட்டப்பட்ட பழைய சட்டை. கடைசியாக, மடிப்புக் கலையாத நீலச் சட்டை. காலரில் இந்தக் கடையின் பிளாஸ்டிக் பூட்டு, கூடவே திங்கட்கிழமை பில். "அன்னைக்கே இதைக் கழட்ட மறந்துட்டீங்கம்மா. கரண்ட் இல்லாததால அலாரமும் அடிக்கல. வீட்டுக்கு வரும்போது போட்டுக்கறேன்னு எங்க வீட்டுக்காரர் சொல்லிட்டிருந்தாரு." செக்யூரிட்டிப் பெண் பில்லைத் தொடவே இல்லை. பூட்டை மேசையிலிருக்கும் கழற்றும் காந்தத்தில் வைத்து அழுத்துகிறாள். அது கழன்ற இடத்தில் ஒரு சின்ன ஓட்டை. "ஐயோ, வேற மாத்தித் தரச் சொல்றேன்க்கா." அவள் கட்டைவிரலால் அந்த ஓட்டையை நீவிவிடுகிறாள். "பரவாயில்லம்மா. மேல கோடித்துணி போர்த்திடுவாங்க."