இன்னும் கொஞ்சம் காற்று

“போதும்! இதுக்கு மேல ஏத்தாதே!” என்று அலறினான் கணவன். மடியிலிருந்த லேப்டாப் நழுவாமல் இருக்க அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தான்.

அவள் காதில் வாங்கவில்லை. மூன்றாவது கியரில் மிதியை அடிவரை அழுத்தினாள். பந்தயத் திடலின் பயிற்சிச் சாலை முன்கண்ணாடியை நோக்கிப் பாய்ந்து வந்தது.

“நம்பரைச் சொல்லுங்க.”

“ஒண்ணு... ஒண்ணு புள்ளி ரெண்டு... ஐயோ, வளைவு வருது!”

“வளைவை நான் பாத்துக்கறேன். நீங்க நம்பரைப் பாருங்க.”

“ஒண்ணு புள்ளி ரெண்டு... இல்லை, இப்ப ஒண்ணுக்கு இறங்கிடுச்சு.”

பிரேக்கை மிதித்து வண்டியை ஓரமாக நிறுத்தினாள். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

டர்போ இன்ஜினுக்குள் திணிக்கும் காற்றின் அழுத்தத்தைத்தான் பூஸ்ட் என்பார்கள்; லேப்டாப்பில் ஓடிய நம்பரும் அதுதான். அதை ஏற்றி இறக்கும் சின்னக் கருவியைக் காலையில்தான் டாஷ்போர்டில் பொருத்தியிருந்தாள். அழுத்தம் ஏறுவதென்னவோ ஜோராக ஏறுகிறது. கடைசி வரை நிற்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது.

“வேகம் எடுக்க எடுக்க பூஸ்ட் நழுவுது. மேல்கோடியில இன்னும் கொஞ்சம் ஏத்தணும்.”

“அதான் நல்லா ஓடுதே! இப்படியே விட்டா குடியா முழுகிடும்?”

“அரைகுறையா விட்டா நாளைக்கு என்னால தலை நிமிர முடியாது.”

நாளைக்குப் பந்தயம். அணியில் அடுத்த வருடத்துக்கு ஓட்டுநர் இடம் ஒன்றே ஒன்றுதான். மோதப்போவது இரண்டு பேர்: அவளும், கூடப் பிறந்த அண்ணனும்.

போன பந்தயத்திலேயே முதலில் வந்தது அவள்தான். வண்டி இழுக்கவில்லை என்று சாக்கு சொன்னான் அண்ணன். அணி முதலாளியும் அவள் வெற்றியை ஒப்புக்கொள்ளவில்லை. “இன்னொரு தடவை ஓடிப் பாத்துடலாம்” என்றுவிட்டார். நாளை தோற்றால், பழையபடி ஷெட்டில் அணியின் வண்டிகளுக்கு ஸ்பானர் பிடிக்க வேண்டியதுதான்.

“முதலாளி சொன்னதைக் கேட்டீங்கல்ல? பொம்பளைக்கு அதிர்ஷ்டம் ஒரு தடவை அடிக்கும், தினம் அடிக்காதாம்.”

“அவர் கிடக்கிறார். வா, வீட்டுக்குப் போலாம்.”

“நான் போகலை. நீங்க வேணா நடந்து போங்க.”

இறங்கி பானட்டைத் திறந்தாள். அவசரத்தில் மாற்றாமல் விட்ட பழைய ரப்பர் குழாய் ஒன்று, புதுக் கருவியின் வால்விலிருந்து டர்போ வரைக்கும் பாம்பு மாதிரி வளைந்து கிடந்தது.

“இதான் திருடன்! இத்தனை நீளத்துக்கு எதுக்குக் குழாய்? காத்து போய்ச் சேர்றதுக்குள்ள பந்தயமே முடிஞ்சிடும்.”

“இது உன் கண்ணுல படாமலே இருந்திருக்கக் கூடாதா!” என்று முணுமுணுத்தான் கணவன்.

“என்ன சொன்னீங்க?”

“ஒண்ணுமில்லை தாயே. வேலையைப் பாரு.”

வேண்டாத நீளத்தை வெட்டி எறிந்தாள். கிளிப்பை இறுக்கினாள். பிறகு கருவியின் பொத்தானை அழுத்தி, மேல்கோடி அளவை ஒரு படி ஏற்றினாள்.

“அளவு மீறினா தானாவே பூஸ்ட்டைக் குறைச்சிடற மாதிரியும் வச்சுட்டேன். இன்ஜினுக்கு ஒரு கீறல் விழாது.”

“அதையும் வச்சுட்டியா? ரொம்ப சந்தோஷம்.” அவன் குரலில் சந்தோஷம் மருந்துக்கும் இல்லை.

“பயமா இருக்கா?”

“நாளைக்கு நடக்கப்போறதை நினைச்சா பயமாத்தான் இருக்கு.”

“எனக்கு இல்லை. ஏறுங்க.”

குழிவான பந்தய சீட்டில் முதுகுக்குப் பின்னால் செருகியிருந்த தலையணையைச் சரிசெய்துகொண்டாள். அப்போதுதான் கால் மிதிக்கு எட்டியது.

மறுபடியும் மூன்றாவது கியர். மறுபடியும் அடிவரை மிதி. வண்டி உறுமிக்கொண்டு சீறியது.

“ஒண்ணு புள்ளி ரெண்டு,” என்றான் கணவன். “ஒண்ணு புள்ளி ரெண்டு... இன்னும் ஒண்ணு புள்ளி ரெண்டு. ஆணி அடிச்ச மாதிரி நிக்குது!”

சாலை முடியும் வரைக்கும் நின்றது. அவள் ஸ்டீயரிங்கை ஓங்கித் தட்டிச் சிரித்தாள். அவன் லேப்டாப்பை மூடிவிட்டுப் பெருமூச்சு விட்டான்.

“பிடிவாதக்காரி. இப்ப திருப்திதானே?”

“இப்பதான் திருப்தி.”

ஷெட் வாசலில் அண்ணன் நின்றிருந்தான், ஹெல்மெட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு. பக்கத்தில் அணி முதலாளி. வெயிலில் வாடி, கையெல்லாம் கிரீஸாக இறங்கியவளைப் பார்த்து அண்ணன் வாய் கொள்ளாமல் சிரித்தான்.

“என்ன தங்கச்சி, இன்ஜினுக்குக் காத்து ஏறுச்சா? இல்லை உனக்குத்தான் காத்து இறங்கிடுச்சா?”

முதலாளியும் சேர்ந்து சிரித்தார். கணவன் பல்லைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான்.

அவள் துணியில் கையைத் துடைத்தாள். நேராக நடந்து போய், அண்ணனின் உள்ளங்கையில் சாவியை வைத்து அழுத்தினாள்.

“இந்தாண்ணே உன் வண்டி, நாளைக்குத் தோத்தா வேற சாக்கு தேடிக்கோ.”