ஆல்ட்டோ குரல்

தூத்துக்குடி தேவாலயத்தின் பெண்கள் பாடகர் குழுவில் எல்லோரும் குரலை உச்சஸ்தாயிக்கு மாற்றிக்கொண்டார்கள். ஆல்ட்டோ என்னும் கீழ்ஸ்தாயிக் குரலில் பாடிய பிலோமினாவும் தனிப்பாட்டுக்கு ஆசைப்பட்டு மாற்றிக்கொண்டாள். அரைமணி நேரச் சிகிச்சைதான். வேண்டாமென்றால் ஒரு வாரத்துக்குள் திருப்பிக்கொள்ளலாம்.

வீட்டுக்கு வந்து கணவனை அழைத்தாள். சவரிமுத்து முப்பது வருடம் படகு எஞ்சின்களோடு கிடந்தவன். அந்த இரைச்சலில் காது கெட்டு, கீழ்ஸ்தாயிக் குரல்கள் மட்டும்தான் அவன் காதில் விழும். அவன் திரும்பவில்லை. தோளைத் தொட்டாள்.

"எப்ப வந்த? ஏன் பேசாம நிக்க?"

"பேசிட்டுத்தான இருக்கேன்."

அவன் அவள் உதடுகளையே பார்த்தான். "இப்ப நல்லா பாட வருதா புள்ள?"

பிலோமினா தலையாட்டினாள்.

மறுநாள் காலை மருத்துவமனை திறக்கும்போதே வாசலில் நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு பேர் உச்சத்தில் பாட, அவள் ஒருத்தி கீழே பாடினாள். கடைசி பெஞ்சில் இருந்த சவரிமுத்துவுக்கு அவள் பாடியது மட்டும் கேட்டது.