டியூப்லைட் அக்கா

சோப்புக் குமிழி டப்பாவின் மூடியை அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் ஒரு திருகு திருகினாள்.

குழந்தையால் திறக்க முடியக் கூடாது. அதுதான் கணக்கு.

பிறகு டப்பாவைச் சிறுமியின் முன்னால் பாயில் வைத்துவிட்டு, உலகத்தில் வேறு வேலையே இல்லாதவள் போல ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கினாள்.

வெளியே தூறல். எதிர்க் கட்டடத்து மாடியில் யாரோ கொடியிலிருந்து துணிகளை அள்ளிக்கொண்டு ஓடினார்கள்.

சிறுமிக்கு இந்தப் பேச்சுப் பயிற்சி மையத்தில் ‘வாயாடி’ என்று பெயர். வாசல் காவலாளி வைத்தது. அவரும் தினமும் வணக்கம் சொல்லிப் பார்க்கிறார். ஒரு ‘ம்’ கூடக் கிடைத்ததில்லை.

அவளுக்குப் பேச்சு தாமதமாகத்தான் வந்தது. வந்த பிறகும் வீட்டில் அதற்கு வேலை இருக்கவில்லை.

தம்ளரைப் பார்த்தால் தண்ணீர் வந்தது. கதவைப் பார்த்தால் செருப்பு வந்தது. வியர்க்கும் முன்பே மின்விசிறி சுழன்றது. அப்படி ஒரு பாசம்.

மாதத்துக்கு ஒருமுறை வரும் தெரபிஸ்ட் திட்டம் போட்டுக் கொடுப்பார். அதை நாள்தோறும் விளையாட்டாக்குவது உதவியாளரான இவள் பாடு. இந்தச் சிறுமிக்கான திட்டத்தை ஒரே வரியில் சொல்லிவிடலாம். எதுவும் புரியாதவளாக இரு.

வீட்டில் அண்ணன் இவளை டியூப்லைட் என்றுதான் கூப்பிடுவான். எதைச் சொன்னாலும் மெதுவாகத்தான் எரியுமாம். இப்போது அதற்கே மாதச் சம்பளம் வாங்குகிறாள் என்பதை அவனிடம் அவ்வப்போது சொல்லிக்காட்டுவாள்.

சிறுமி பந்தைப் பார்த்தால் இவள் பொம்மையைக் கொடுத்தாள். பொம்மையைத் தள்ளிவிட்டால் தன் கைப்பையைக் கொடுத்தாள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த சிறுமி ஒருநாள், “அது இல்ல, பந்து” என்றாள்.

அன்று இவள் கழிப்பறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, ஆசை தீர அழுதாள்.

ஆனால் அந்தப் பேச்சு இவளோடு நின்றுவிட்டது. வேறு யார் எதிரில் உட்கார்ந்தாலும் சிறுமி வாயைத் திறக்கவில்லை.

அடுத்த மாதம் பள்ளிக்கூடம். ஒரே ஒரு அக்காவிடம் மட்டும் பேசுகிற குழந்தை அங்கே தாகமெடுத்தால் என்ன செய்யும் என்று தெரபிஸ்ட் கேட்டார். அதற்குள் இன்னும் ஒருவரிடமாவது அவள் வாய்விட்டுக் கேட்டாக வேண்டும்.

அந்த ஒருவர் மூலையில், முழங்கால் நெஞ்சில் இடிக்க, குட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

இந்த அறையில் அவருக்கும் பயிற்சிதான். போன முறை அவர்தான் காரியத்தைக் கெடுத்தார். சிறுமி டப்பாவைக் கண்ணால் தொட்டதுமே எழுந்து வந்து திறந்து கொடுத்துவிட்டார். அதனால் இன்று வாசலிலேயே இவள் எச்சரித்து வைத்திருந்தாள்.

“சார், இன்னைக்குக் கைய நீட்டுனீங்க, அவ்ளோதான். தொடைக்கு அடியில வெச்சுக்கிட்டு உக்காருங்க. நானே பெரிய டியூப்லைட்டு. நீங்க எனக்கு மேல இருக்கணும்.”

அவர் சிரிக்கவில்லை. முதல் நாள் வேலைக்கு வந்தவரைப் போலத் தலையாட்டினார்.

சிறுமி டப்பாவைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள். அக்கா மழையைப் பார்த்தாள்.

டப்பா பாயில் தட்டப்பட்டது. பிறகு அக்காவின் மடிக்கு வந்தது. அக்கா அதை எடுத்துத் தலையில் தொப்பி போல வைத்துக்கொண்டாள்.

“தொற” என்றாள் சிறுமி.

அக்கா மூடியைத் தப்பான பக்கமாகத் திருகினாள். முக்கினாள், முனகினாள், உதட்டைப் பிதுக்கினாள். திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

மூலையில் நாற்காலி கிரீச்சிட்டது. இவள் திரும்பாமலே ஒரு விரலை உயர்த்தினாள். நாற்காலி அடங்கியது.

இனி காத்திருக்க வேண்டியதுதான். இந்த வேலையில் கடினமான பகுதி அதுதான். பார்க்கிறவர்களுக்குச் சும்மா உட்கார்ந்திருப்பது போலத் தெரியும். நாக்கை மேலண்ணத்தில் அழுத்திக்கொண்டு, தொண்டை வரை வந்த சொல்லை விழுங்கிவிட்டு, இவள் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

சிறுமி எழுந்தாள். டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பாயின் ஓரம் வரை நடந்தாள். நின்றாள். மூலையில் இருந்தவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

முகத்தில் புரியாத பாவனையைக் கொண்டுவர அவர் படாத பாடு பட்டார். அது வரவே மாட்டேன் என்றது.

சிறுமி பாயைத் தாண்டினாள். டப்பாவை அவர் முழங்காலில் வைத்தாள்.

“அக்காவுக்கு ஒண்ணுமே தெரியல. நீ தொற.”

அண்ணன் இத்தனை வருடம் டியூப்லைட் என்று சொல்லியும் வராத பூரிப்பு இவளுக்கு உச்சந்தலை வரை ஏறியது. இப்போதும் திரும்பவில்லை. ஜன்னல் கண்ணாடியில் மங்கலாகத் தெரிந்த இருவரையும் பார்த்தபடி இருந்தாள்.

அவர் தொடைக்கு அடியிலிருந்து கைகளை உருவினார். மூடியைப் பிடித்தார். வழுக்கியது. விரல்களைச் சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடி பிடித்தார். மறுபடி வழுக்கியது. ஒரு பார்வையிலேயே எல்லாம் விளங்கிக்கொள்கிற மனிதருக்கு, கண் நிறைந்து வழிந்ததில், மூடி எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

சிறுமி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள்.

பிறகு, மக்குகளுக்கு நடுவே வந்து மாட்டிக்கொண்டவளின் பெருமூச்சோடு, இவள் பக்கம் திரும்பிக் கத்தினாள்.

“அக்கா, அப்பாவுக்கும் தெரியல!”